கட்டடப் பொருள் வரத்தைச் சீராக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். கருங்கல் சல்லி வன்னிப் பக்கமிருந்து டிப்பரில் ஏறித்தான் வரவேண்டும். ஒரு லோட் தவறினால் மேசனும் கூலியாட்களும் சும்மா இருக்க, சம்பளம் மட்டும் ஓடும். இதைத் திருத்த முனைகிற பலர் நேரே கணினிப் பட்டியலில் தொடங்குகிறார்கள். பொருள் இறங்கும் இடத்திலேயே அளவு பிழைத்தால், அந்தப் பட்டியலில் ஏறும் ஒவ்வோர் இலக்கமும் பிழைதான்.

அதிகம் இழப்பது மணலில். டிப்பர்ப் பெட்டியை அளந்து ஒரு கியூப், அதாவது 100 கன அடி, என்று எழுதிவிடுவார்கள். ஈரமணல் உப்பியிருக்கும், 5 சதவீத ஈரத்திலேயே கால்வாசி அதிகமாகத் தெரியலாம். காசு போவதோடு முடியாது. அந்த மணலை அளவுப் பெட்டியால் அளந்து சீமெந்து, மணல், சல்லியை 1:2:4 என்று கலந்தால் உண்மையில் விழுவது 1:1.6:4. மணல் குறைந்த கலவை சல்லிக்கிடையில் ஓட்டை விடும், தண்ணீர் கம்பியைத் தொடும்.

லோட் இறங்குமுன் நேரான கண்ணாடிப் போத்தலில் 20 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஈரமணலைத் தளர்வாகப் போடுங்கள். அதைக் கொட்டிவிட்டுப் பாதிக்குத் தண்ணீர் விட்டு, மணலைத் திரும்பப் போட்டுக் கிளறுங்கள். மணல் 16 இல் படிந்தால் உப்பல் 25 சதவீதம். அப்போது ஈரமணலின் அளவை 1.25 ஆல் வகுத்துக் கணக்கு எழுதுங்கள், 100 கன அடி 80 ஆகும். கடற்கரைப் பக்க மணலென்றால் ஆய்வுகூடத்தில் உப்பையும் பார்க்கவேண்டும், இல்லையேல் கம்பி துருப்பிடிக்கும்.

சீமெந்தை மலிவான நாளில் வாங்கிக் குவிப்பது அடுத்த பிழை. மாரிக்காலத்து ஈரக்காற்றில் அது கட்டிபடும். மூன்று மாதம் கிடந்த பை பலத்தில் ஐந்திலொரு பங்கை இழந்திருக்கலாம். வேலையை வைத்தே ஓடர் கொடுங்கள். 1,000 சதுர அடி, 5 அங்குலச் சிலாப்புக்கு 1:2:4 கலவையில் சேதாரம் தவிர்த்து ஏறத்தாழ 75 பை சீமெந்து, 1.8 கியூப் மணல், 3.7 கியூப் சல்லி. மணலும் சல்லியும் முன்கூட்டியே வளவில் இருக்கட்டும். சீமெந்து அந்தக் கிழமையில் வந்தால் போதும். தரையிலிருந்து அரை அடி உயர்த்தி, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, பத்துப் பைக்கு மேல் அடுக்காமல் வையுங்கள். முதலில் வந்தது முதலில் போகட்டும்.

கம்பியை எண்ணி மட்டும் எடுக்காதீர்கள், நிறுங்கள். 6 மீற்றர் நீளமுள்ள 12 மில்லிமீற்றர் கம்பி ஏறத்தாழ 5.3 கிலோ, 10 மில்லிமீற்றர் 3.7 கிலோ. நன்றாகக் குறைந்தால் கம்பி மெலிவு.

ஓடர் கொடுப்பவரே பொருளைப் பொறுப்பெடுத்துக் காசையும் கட்டினால் குறைவு வெளியே தெரியாது. பொருளை அளந்து சிட்டையில் ஒப்பமிடுபவர் வேறொருவராக இருக்கட்டும். கடைக்காரருக்கு அடுத்த இரண்டு கிழமைத் தேவையை எழுதிக் கொடுங்கள், சொன்ன நாளில் காசையும் கொடுங்கள். பிந்திக் கட்டுகிறவரின் லோட்தான் தட்டுப்பாட்டு நாளில் முதலில் பிந்தும்.