ரோஸ்மேரி எசென்ஷியல் எண்ணெயைத் தலைக்குப் பயன்படுத்தும் முறை

ரோஸ்மேரி எண்ணெய் என்ற பெயரில் இரண்டு வேறுபட்ட பொருள்கள் கிடைக்கின்றன. ரோஸ்மேரி இலைகளை வேறோர் எண்ணெயில் ஊறவைத்து வடிகட்டியது முதல் வகை; அதை அப்படியே தலையில் தேய்த்துக்கொள்ளலாம். இலைகளும் பூக்களும் நிறைந்த கிளைநுனிகளின் ஊடே நீராவியைச் செலுத்தி வடித்தெடுப்பது எசென்ஷியல் எண்ணெய். பெயரில்தான் எண்ணெயே தவிர, தொட்டுப் பார்த்தால் தண்ணீரைப் போல நீர்த்திருக்கும். வீரியமோ மிக அதிகம். இதை நேரடியாகத் தோலில் தடவக் கூடாது.

படி 1: புட்டியைச் சரிபார்த்தல்

லேபிளில் ‘ரோஸ்மரினஸ் ஒஃபிசினாலிஸ்’ அல்லது ‘சால்வியா ரோஸ்மரினஸ்’ என்ற தாவரப் பெயர் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே செடிதான். ஒரு துளியை வெள்ளைத்தாளில் விட்டு, மறுநாள் பாருங்கள். எண்ணெய் வட்டம் பளபளவென்று எஞ்சியிருந்தால், அதில் ஆவியாகாத எண்ணெய் ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள். கறை இல்லை என்பதாலேயே சுத்தமானது என்று முடிவுகட்டிவிடவும் முடியாது; செயற்கை வாசனைப் பொருள்கள் சிலவும் தடமின்றி ஆவியாகிவிடும்.

படி 2: கலத்தல்

ஜொஜோபா, பாதாம், தேங்காய் போன்ற ஏதேனும் ஓர் எண்ணெயில் 30 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எசென்ஷியல் எண்ணெய் 6 துளி சேர்த்தால் ஏறத்தாழ 1 சதவீதம், 12 துளி சேர்த்தால் 2 சதவீதம். புதிதாகத் தொடங்குவோருக்கு 6 துளியே போதும். தண்ணீரில் இது கலக்காது. மேலே மிதந்து, செறிவு குறையாமலேயே தோலில் படும் என்பதால், குளிக்கும் நீரில் நேராக விடுவதைத் தவிருங்கள்.

படி 3: ஒவ்வாமைச் சோதனை

கலந்த எண்ணெயை முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, 24 மணி நேரம் காத்திருங்கள். சிவத்தலோ அரிப்போ தோன்றினால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

படி 4: தேய்த்தல்

முடியை வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனிகளால் உச்சந்தலையில் சில நிமிடங்கள் மெல்லத் தேய்த்து, ஒரு மணி நேரத்துக்குப் பின் ஷாம்பு போட்டு அலசுங்கள். வாரம் இரண்டு முறை போதுமானது. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடி வளருமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. பரம்பரை வழுக்கை உள்ள 100 பேரிடம், முடி வளரத் தலையில் தடவும் மருந்தான 2 சதவீத மினாக்சிடிலோடு ரோஸ்மேரி எண்ணெயை ஒப்பிட்ட ஆய்வொன்று 2015இல் வெளியானது. மூன்றாம் மாதத்தில் இரு குழுவினரிடமும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆறாம் மாதத்தில் இரு குழுவினருக்குமே முடியின் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆய்வு சிறியது, மருந்தில்லாத ஒப்பீட்டுக் குழுவும் அதில் இல்லை. ஆகவே நம்பிக்கையை அளவோடு வைத்துக்கொண்டு, ஆறு மாதமாவது பொறுத்துப் பார்ப்பதே நியாயம் என்பேன்.

யாருக்கு ஆகாது?

இதில் சினியோல், ஆல்ஃபா பைனீன் ஆகிய வேதிப்பொருள்களோடு கற்பூரத்திலுள்ள கேம்ஃபரும் இருக்கிறது. ஆகவே வலிப்பு நோய் உள்ளோரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். குழந்தைகளின் முகத்தருகே கொண்டுசெல்லவே கூடாது. யாரும் இதை உட்கொள்ளக் கூடாது.

படி 5: பாதுகாத்தல்

பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியில், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் இறுக மூடி வையுங்கள். என் முதல் புட்டியில் ரப்பர் தலையுள்ள சொட்டுக்குழாயைச் செருகியே வைத்திருந்தேன். சில வாரங்களில் ரப்பர் இளகிப் பிசுபிசுத்துவிட்டது. காற்றுப்பட்டுப் பழசான எண்ணெய் தோலை எரிச்சலூட்டும் என்பதால், மணம் மாறியிருந்தால் தலைக்குத் தேய்க்காதீர்கள்.