கோழிக்குச் சுவெட்டர் வேண்டாம், முதுகுத் துணி தையுங்கள்

மார்கழி மழையில் நனைந்து நிற்கும் கோழிக்குக் கம்பளிச் சுவெட்டர் பின்னிப் போடலாமா? திருகோணமலைக்கு அது தேவையே இல்லை. கோழி இறகைப் புடைத்து, உள்ளே காற்றை அடைத்துத்தான் சூடு காக்கிறது. சுவெட்டர் அந்த இறகை அமுக்கிவிடும். நனைந்தால் ஈரம் தோலோடு ஒட்டி நிற்கும். கூரையும் காய்ந்த தரையும் போதும்.

சேவல் மிதித்து முதுகு மொட்டையான பேட்டுக்குத்தான் துணி உதவும். பழைய பருத்திச் சாரத்தை இரண்டு மடிப்பாக வெட்டுங்கள். ஊர்க்கோழிக்கு நீளம் சுமார் 18 செ.மீ., கழுத்துப் பக்க அகலம் 8, வால் பக்கம் 16. கோழிக்குக் கோழி மாறும், ஆகவே கழுத்தடியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து பாருங்கள். 1 செ.மீ. இலாஸ்டிக் இரண்டு எடுத்து, ஒவ்வொன்றையும் கழுத்து மூலையிலிருந்து அதே பக்க விளிம்பின் நடுவுக்கு வளையமாகத் தையுங்கள். செட்டை அதனுள்ளே நுழையும். இலாஸ்டிக்குக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு விரல் போகவேண்டும். இறுகினால் செட்டையடி புண்ணாகும், தளர்ந்தால் கால் சிக்கும்.

இரண்டு நாளுக்கொருமுறை துணியைத் தூக்கிப் பாருங்கள், செள்ளு அங்கேதான் ஒளியும். இரத்தம் கசியும் காயத்தை மூடாதீர்கள்; பேட்டைத் தனியே விடுங்கள். நனைந்தால் உடனே கழற்றுங்கள். கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் மாதங்களில் கோழி வாய் பிளந்து மூச்சு வாங்கினாலும் கழற்றவேண்டியதுதான்.

ஒரு சேவலுக்கு எட்டுப் பேடாவது இல்லாவிட்டால் எந்தத் துணியும் நெடுநாள் காக்காது.