பழைய பிளேஸ்டேஷன் 4-இல் படமோ ஒலியோ வராவிட்டால் சோதிக்க வேண்டிய வரிசை

பிறர் பயன்படுத்திய பிளேஸ்டேஷன் 4-ஐ வாங்கி டிவியில் இணைத்ததும் திரை கறுப்பாகவே இருந்தால், எச்டிஎம்ஐ போர்ட் (படமும் ஒலியும் டிவிக்குச் செல்லும் கேபிளைச் செருகும் துளை) போய்விட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். முந்தைய உரிமையாளர் தம்முடைய டிவிக்கும் சவுண்ட்பாருக்கும் ஏற்றபடி மாற்றி வைத்த செட்டிங்ஸ் கருவிக்குள் அப்படியே தங்கியிருக்கக்கூடும். அதனால் வரும் கோளாறும் உண்மையான பழுதும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும் என்பதால், இரண்டையும் பிரித்தறியும் வகையில் கீழ்க்கண்ட வரிசை அமைந்துள்ளது.

படி 1: விளக்கின் நிறம்

கருவியை இயக்கியதும் நீல விளக்கு துடித்துப் பிறகு வெள்ளையாக நிலைத்தால், கருவி இயங்குகிறது என்றும் படம் வெளியே வரும் பாதையில்தான் சிக்கல் என்றும் கொள்ளலாம். நீலம் துடித்துக்கொண்டே இருந்து வெள்ளைக்கு மாறாவிட்டால், கோளாறு வேறு இடத்தில் இருக்கக்கூடும். அந்த நிலையில் காரணம் தெரியாமல் போர்ட்டை மாற்றச் செலவழிக்க வேண்டாம்.

படி 2: கேபிளும் டிவியும்

டிவியில் சரியான இன்புட் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்து, வேறொரு எச்டிஎம்ஐ துளையிலும் செருகிப் பாருங்கள். பின்னர் செட்டாப் பாக்ஸில் நன்றாக வேலை செய்யும் கேபிளைக் கழற்றி இதில் மாட்டுங்கள். படம் வந்தும் இடையிடையே வெண்புள்ளிகள் மின்னினாலோ, சில விநாடிகள் திரை கறுத்து மீண்டாலோ, முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளைத்தான்.

படி 3: சேஃப் மோட்

எல்லாவற்றிலும் பயனுள்ள சோதனை இதுவே. சேஃப் மோட் என்பது பழுது பார்ப்பதற்காக, அடிப்படை வசதிகளோடு மட்டும் கருவி தொடங்கும் நிலை. கருவியை முழுவதுமாக அணையுங்கள். ஆரஞ்சு விளக்கு எரியும் ரெஸ்ட் மோட் (பாதி உறக்க நிலை) போதாது. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் உடனே ஒரு பீப் ஒலியும், சுமார் 7 விநாடிகள் கழித்து இரண்டாவது பீப் ஒலியும் கேட்கும். அப்போது விரலை எடுத்துவிடுங்கள். கண்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளால் இணைத்து பிஎஸ் பொத்தானை அழுத்துங்கள். சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும் மலிவுக் கேபிள்கள் இங்கே பயன்படா. புதியவர்கள் பலர் தடுமாறும் இடம் இது.

சேஃப் மோடில் படம் தெரிந்தால் போர்ட்டும் கேபிளும் பெரும்பாலும் நலமே. இரண்டாவது தேர்வான 'சேஞ்ச் ரெசல்யூஷன்' மூலம் 480பி என்ற குறைந்த படத்தெளிவுக்கு இறக்கி, கருவி இயல்பாகத் தொடங்கியபின் செட்டிங்ஸுக்குள் சென்று உங்கள் டிவிக்கு ஏற்ற அளவை வைத்துக்கொள்ளலாம். அதுவும் உதவாவிட்டால் நான்காவது தேர்வு செட்டிங்ஸை மட்டும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரும். விளையாட்டுகளும் அவற்றில் நீங்கள் சேமித்து வைத்த நிலைகளும் அழியா. ஆறாவதும் ஏழாவதும் அனைத்தையும் அழித்துவிடும் என்பதால் அவசரத்தில் அவற்றைத் தொடாதீர்கள்.

சேஃப் மோடிலும் படம் இல்லையென்றால், டார்ச் வெளிச்சத்தில் எச்டிஎம்ஐ துளைக்குள் பாருங்கள். அதிலுள்ள 19 முனைகளில் ஏதேனும் வளைந்தோ உள்ளே நகர்ந்தோ இருந்தால் ஊசியால் நிமிர்த்த முயல வேண்டாம். அருகருகே உள்ள முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், போர்ட்டோடு முடிந்திருக்கக்கூடிய பழுது உள்ளிருக்கும் எச்டிஎம்ஐ சிப்பையும் பதம் பார்த்துவிடும்.

படி 4: படம் உண்டு, ஒலி இல்லை

கண்ட்ரோலரில் ஹெட்போன் செருகியிருந்தால் ஒலி அங்கே போய்விடக்கூடும். அதைக் கழற்றிவிட்டுத் தொடருங்கள். 'சவுண்ட் அண்ட் ஸ்கிரீன்' பகுதியில் 'ஆடியோ அவுட்புட் செட்டிங்ஸ்' திறந்து, முதன்மை வெளியீடு எச்டிஎம்ஐ என்றும், ஆடியோ ஃபார்மட் லீனியர் பிசிஎம் (சுருக்கப்படாத சாதாரண ஒலி வடிவம்) என்றும் வையுங்கள். முந்தையவர் சவுண்ட்பாருக்காக டிடிஎஸ் பிட்ஸ்ட்ரீம் என்ற சுருக்கப்பட்ட ஒலி வடிவத்தைத் தேர்ந்திருந்தால், அதைப் புரிந்துகொள்ளாத டிவி ஊமையாகவே இருக்கும். 2016-இல் வந்த ஸ்லிம் மாடலில் ஆப்டிகல் துளையே (ஒலியை மட்டும் ஒளிக் கேபிளில் அனுப்பும் துளை) கிடையாது. பழைய சவுண்ட்பார் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன்பே இதைக் கவனிப்பது நல்லது. டிவிஐ அல்லது விஜிஏ அடாப்டர் வழியே மானிட்டரில் இணைத்திருப்பவர்கள் அந்த மானிட்டரில் பெரும்பாலும் ஒலியை எதிர்பார்க்க முடியாது. கண்ட்ரோலரில் ஹெட்போன் செருகிக் கேட்பதே எளிது.

படி 5: நிறமும் விளிம்பும்

படம் வெளிறியோ, இருண்ட பகுதிகள் ஒரே கறுப்பாகவோ தெரிந்தால் 'ஆர்ஜிபி ரேஞ்ச்' (நிற அளவின் எல்லை) என்பதை ஆட்டோமேட்டிக்காக மாற்றுங்கள். விளிம்புகள் வெட்டுப்பட்டால் டிவியின் படஅளவு அமைப்பை முதலில் திருத்துங்கள். விளையாட்டு ஓடியும் திரைப்படச் செயலிகள் மட்டும் மறுத்தால், செட்டிங்ஸின் சிஸ்டம் பகுதியில் எச்டிசிபி (படங்களை நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு) அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். திரையில் வருவதைப் பதிவு செய்யும் கேப்சர் கார்டு என்ற கருவியைப் பயன்படுத்தியவர்கள் அதை அணைப்பது வழக்கம்.

இத்தனைக்குப் பிறகும் கடைக்குப் போக நேர்ந்தால், விளக்கின் நிறத்தையும் சேஃப் மோட் முடிவையும் பழுதுபார்ப்பவரிடம் சொல்லுங்கள். போர்ட்டை மாற்றியபின் உங்கள் கேபிளையே மாட்டி, படமும் ஒலியும் வருவதை அங்கேயே பார்த்த பின்னரே பணம் கொடுங்கள்.