விசா: நாமே போடுவதா, ஏஜென்டிடம் கொடுப்பதா?

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பல வீடுகளில் யாராவது ஒருவர் வளைகுடாவில் இருப்பார். துபாய்க்குச் சுற்றுலா விசா என்றால் பாஸ்போர்ட் நகலையும் போட்டோவையும் வாட்ஸ்அப்பில் ஏஜென்டுக்கு அனுப்புவோம். விசா பிடிஎஃப்பாக வந்துவிடும். அதே பழக்கத்தில் லண்டனுக்கும் பாரிஸுக்கும் கிளம்புகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். போட்டோ அளவு, பாஸ்போர்ட் காலாவதி எல்லாம் எல்லாரும் சொல்வதுதான், விட்டுவிடுகிறேன்.

நிரப்பியதைப் படிக்காமல் அனுப்புவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. லண்டனில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போக நினைத்தார் ஒரு தம்பி. முன்பு ஷெங்கன் விசா (பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) மறுக்கப்பட்டவர். வேறு நாடு எதுவும் விசா மறுத்ததுண்டா என்று பிரிட்டன் விண்ணப்பத்தில் கேட்பார்கள். ஏஜென்ட் 'இல்லை' என்று போட்டுவிட்டார். விண்ணப்பத்தில் இருந்த மின்னஞ்சலும் போன் நம்பரும் ஏஜென்டுடையவை. தம்பிக்கு எதுவும் தெரியாது. சேது எக்ஸ்பிரஸில் சென்னை போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்தார். மறுப்புக் கடிதம் வந்த பிறகுதான் தன் பெயரில் என்ன எழுதியிருந்தது என்றே பார்த்தார்.

"உண்மையப் போட்டா கெடைக்காது தம்பி" என்றாராம் ஏஜென்ட். சுத்தப் பொய். பழைய மறுப்பைச் சொல்லி, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று விளக்கி விசா வாங்கியவர்கள் நிறையப் பேர். மறைத்தது ஏமாற்று என்று முடிவானால் பிரிட்டன் 10 ஆண்டு வரை கதவைச் சாத்திவிடும். அது ஏஜென்டுக்கு இல்லை, உங்களுக்கு.

யாரிடம் கொடுத்தாலும் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் உங்களுடையதாக இருக்கட்டும். அனுப்புவதற்கு முன் முழு விண்ணப்பத்தையும் கேட்டு வாங்கி ஒவ்வொரு பதிலாகப் படியுங்கள். இங்கிலீஷ் தடுமாறினால் காலேஜ் படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கணக்கில் திடீர்ப் பணம்

கைமாற்று வாங்கி முந்தின வாரம் போட்ட மூன்று லட்சம், விண்ணப்பத்தோடு வைக்கும் வங்கி ஸ்டேட்மென்டில் துருத்திக்கொண்டு நிற்கும். மச்சான் கொடுத்தது என்றால் மச்சானின் கடிதமும் வேண்டும். விசைப்படகுக்காரர்களுக்கு இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கணக்கு காய்ந்து கிடக்கும். விசா முடிவு செய்யும் அதிகாரிக்கு அது தெரியாமல் இருக்கலாம். கூட வைக்கும் கடிதத்தில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

'சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்'

ஏஜென்டால் முடியாது. பிரிட்டனுக்கு 5 வேலை நாளில் முடிவு சொல்லும் முன்னுரிமைச் சேவை இருக்கிறது. அதற்கு நீங்களே பணம் கட்டலாம். ஷெங்கனுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். அப்புறம் ஏன் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டும்?

போலி டிக்கெட்

விண்ணப்பத்தோடு வைக்கவே வேண்டாம்.

இலவசத்துக்குக் காசு

மலேசியா, தாய்லாந்து போகும் முன் இணையத்தில் நிரப்பும் டிஜிட்டல் வருகை அட்டைகள் அரசுத் தளத்தில் இலவசம்.

ஏஜென்ட் வேண்டிய இடம்

சிங்கப்பூர். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாகத்தான் இந்தியாவிலிருந்து விண்ணப்பம் போகும். அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். சரி, அவர் கூலி? ரசீதில் அரசுக் கட்டணம் தனி, கூலி தனி என்று எழுதச் சொல்லுங்கள்.