ஆய்வகக் குறிப்புகளில் விட்டுப்போகும் விவரங்கள்

'10,000 ஆர்.பி.எம்., 10 நிமிடம்.' மாதிரியை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவியான சென்ட்ரிஃபியூஜ் பற்றிய குறிப்புகள் பலவும் இந்த அளவோடு நின்றுவிடுகின்றன. இதை வைத்துக்கொண்டு வேறொரு கருவியில் அதே வேலையைச் செய்ய முடியாது. ட்யூபின் மேல் விழும் விசை, வேகத்தோடு, ட்யூபைத் தாங்கிச் சுழலும் ரோட்டாரின் ஆரத்தையும் பொறுத்தது. 6 செ.மீ. ஆரத்தில் 10,000 ஆர்.பி.எம். என்பது சுமார் 6,700 ஜி (புவியீர்ப்பைப் போல 6,700 மடங்கு), 10 செ.மீ. ஆரத்தில் அதுவே ஏறக்குறைய 11,200 ஜி. ஜி மதிப்பு, ரோட்டார் எண், வெப்பநிலை மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். கணக்கு எளிது: 0.00001118 × ஆரம் செ.மீ.யில் × ஆர்.பி.எம்.மின் வர்க்கம்.

'டிரிஸ், பி.எச். 8.0' என்று மட்டும் எழுதுவதும் இதே வகைப் பிழைதான். டிரிஸ் என்பது பி.எச்.சை நிலையாக வைக்க உதவும் ஒரு பஃபர். 25 டிகிரியில் 8.0க்குச் சரிசெய்த டிரிஸ், 4 டிகிரி குளிர் அறைக்குப் போனதும் 8.6ஐ ஒட்டி ஏறிவிடும். சரிசெய்தபோது இருந்த வெப்பநிலை குறிப்பில் இல்லையென்றால், சோதனை சரியாக வராதபோது பழி அதில் போட்ட என்ஸைம் மேல் விழும்.

உப்பின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். மயில்துத்தத்தின் (காப்பர் சல்ஃபேட்) நீரோடு கூடிய நீலப் படிகத்துக்கு மோலார் நிறை 249.7, நீரற்ற வெண்பொடிக்கு 159.6. 1 மோலார் கரைசல் வேண்டுமென்று லிட்டருக்கு 159.6 கிராம் நீலப் படிகம் போட்டால் கிடைப்பது 0.64 மோலார்தான். புட்டியின் லேபிளில் உள்ள மோலார் நிறையையும் லாட் எண்ணையும் (தயாரிப்புத் தொகுதி எண்) அப்படியே பார்த்து எழுதுங்கள்.

ஆனால், குறிப்பேட்டில் கருவிக்கென்று தனிப் பக்கம் இல்லாததுதான் எல்லாவற்றிலும் அதிகம் கெடுக்கிறது. பி.எச். மீட்டரை எடுத்துக்கொள்வோம். பி.எச். 4, 7, 10 பஃபர்களில் காலிபரேட் செய்ததும், எலெக்ட்ரோடு எவ்வளவு சரியாக வேலை செய்கிறது என்பதை ஸ்லோப் என்ற சதவீதமாகக் காட்டும். 25 டிகிரியில் ஒரு பி.எச். அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் வந்தால் 100 சதவீதம். 99, 97, 95, 92 என்று ஒரே பக்கத்தில் தேதியோடு கீழ்க்கீழாக எழுதியிருந்தால் எலெக்ட்ரோடு தேய்வது கண்ணில் படும். அதே எண்கள் நான்கு சோதனைப் பக்கங்களில் சிதறிக் கிடந்தால் யாருக்கும் தெரியாது. 95க்குக் கீழே போனால் முதலில் சுத்தம் செய்யுங்கள், பஃபரைப் புதிதாக ஊற்றிப் பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் எலெக்ட்ரோடை மாற்ற வேண்டியதுதான். அதைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைக்கவே கூடாது, உள்ளிருக்கும் உப்பு கசிந்துவிடும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வையுங்கள்; கரைசலை மாற்றிய தேதியும் இதே பக்கத்தில் இருக்கட்டும்.

செய்முறையைத் திருத்தும்போது பழையதை அழித்து எழுதாதீர்கள். 'முறை 3' என்று புதிய எண் கொடுங்கள், அன்றாடப் பக்கத்தில் அந்த எண்ணைக் குறியுங்கள். அழித்துவிட்டால், போன வருட முடிவு எந்த முறையில் வந்தது என்பதற்குத் தடயமே இருக்காது.

டி.என்.ஏ. போன்றவற்றை ஜெல்லில் பிரித்து எடுக்கும் படத்தின் தெர்மல் பிரிண்ட் நாளடைவில் வெளுத்துவிடும். ஒட்டிய அன்றே ஸ்கேன் செய்து, கோப்புக்கு 2025-03-07 என வருடத்தில் தொடங்கும் பெயர் வைத்து, அந்தப் பெயரைப் படத்தின் அருகிலேயே எழுதிவிடுங்கள்.