9 மி.மீ. காலி உறை: மறுபடி நிரப்பலாமா, நசுக்கிப் போடலாமா?

குண்டு போய்விட்டது, வெடிமருந்து எரிந்துவிட்டது, அதைப் பற்றவைக்கும் பிரைமர் ஒருமுறைதான். சுட்டு முடித்த தோட்டாவில் மிஞ்சுவது பித்தளை உறை மட்டும். அமெரிக்காவில் ரீலோடிங் (காலி உறையை மறுபடி நிரப்புவது) செய்கிறவர்கள் சுடுதளத் தரையிலிருந்து பொறுக்கி வாளியில் சேர்ப்பது அதைத்தான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பவுடர் எடையில் காட்டும் கவனத்தில் கால்பங்குகூட உறைக்குக் காட்டுவதில்லை. காட்டினாலும் பயப்படுவது தப்பான முனையைப் பார்த்து. வாய் கிழிந்த உறையைக் கண்டு பதறுவார்கள், அடி உப்பிய உறையை டையில் (உறையை அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) ஏற்றிவிடுவார்கள்.

இங்கே சொல்வது சட்டப்படி இதைச் செய்யக்கூடிய இடங்களுக்கு. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.

உறை செய்யும் வேலை

உறைப் பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். சுடும் நொடியில் உறை உப்பிச் சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயு பின்னால் வராமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் லேசாகச் சுருங்கிக் கழன்று வருகிறது. 1926-ல் தொடங்கிய அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் அமைப்பான ‘ஸாமி’ (கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம், ஆங்கில எழுத்துகளின் சுருக்கம்தான்) 9 மி.மீ. லூகருக்கு வைத்திருக்கும் உச்ச அழுத்த வரம்பு 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு). பாயின்ட் 38 ஸ்பெஷலுக்கு 17,000, பாயின்ட் 45 ஏசிபி-க்கு 21,000. அதனால் பாயின்ட் 38-ல் மன்னிக்கப்படும் தவறு 9 மி.மீ.-ல் மன்னிக்கப்படாது.

சேம்பர் சுவர் தாங்கும் இடத்தில் உறை கிழிந்தால் பெரும்பாலும் புகைக் கறையோடு போகும். சுவர் தாங்காத இடம் அடிப்பக்கம், குறிப்பாக ஃபீட் ராம்ப் (மேகசினிலிருந்து தோட்டா ஏறிவரும் சரிவு) பக்கம். அங்கே கிழிந்தால் வாயு நேராக மேகசினுக்குள் பாயும். மேகசின் பிய்த்துக்கொண்டு விழும், பிடி விரியும், கையில் படும். சுடும்போது கண்ணாடி போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 1: பிரித்தல்

முதலில் காந்தம். பித்தளை பூசிய இரும்பு உறைகள் ஒட்டிக்கொள்ளும், அவை வேண்டாம். சாம்பல் நிற அலுமினிய உறைகளும் வேண்டாம். பளபளக்கும் நிக்கல் பூச்சு உறைகளை நிரப்பலாம், ஆனால் அவற்றின் வாய் சீக்கிரம் கிழியும்.

அடுத்தது பாயின்ட் 380 தோட்டாவின் உறை. பார்க்க 9 மி.மீ. மாதிரியே இருக்கும், குண்டின் விட்டமும் 0.355 அங்குலம்தான். உறை நீளம் மட்டும் 17.3 மி.மீ.; 9 மி.மீ.-ன் நீளம் 19.15. கலந்துவிட்டால் குண்டு தொளதொளவென்று நிற்கும். அடியில் பொறித்த எழுத்தைப் படிக்கச் சோம்பல் என்றால் எல்லா உறைகளையும் மேசையில் நிமிர்த்தி வையுங்கள், குட்டை தானாகத் தெரியும்.

பிறகு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பிரைமருக்கான துளை நடுவில் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு சிறு துளைகள் இருந்தால் அது பெர்டன் வகை, டையில் பழைய பிரைமரைத் தள்ளும் ஊசியை முறித்துவிடும். உட்சுவரில் பாதி ஆழத்தில் படிக்கட்டு போல ஒரு விளிம்பு தெரிகிறதா? அந்த வகை உறையில் உள் இடம் குறைவு, அதே அளவு மருந்துக்கு அழுத்தம் கூடும். போதாததற்கு அந்த விளிம்பிலேயே உறை இரண்டாகப் பிரிந்து, முன்பாதி சேம்பரில் தங்கிவிடுவதும் உண்டு. யோசிக்காமல் தள்ளுங்கள்.

படி 2: சுத்தம்

அரைத்த மக்காச்சோளத் தண்டு போட்ட டம்ப்ளரில் (உறைகளைக் குலுக்கித் தேய்க்கும் இயந்திரம்) ஓரிரண்டு மணி நேரம் போதும். ஈரமுறையில் கழுவினால் சிட்ரிக் அமிலம் சிட்டிகை அளவுதான். அதிகமாக, நெடுநேரம் ஊறினால் துத்தநாகம் கரைந்து உறை இளஞ்சிவப்பாகும். டம்ப்ளர் தூசியில் பிரைமரிலிருந்து வந்த ஈயம் இருக்கும், சமையலறையில் வைக்காதீர்கள்.

அமோனியா கலந்த பித்தளை பாலிஷ் மட்டும் கூடவே கூடாது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் யாரும் தொடாமலே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்தின் அமோனியாதான் காரணம் என்று 1921-ல் விளங்கியது. பாலிஷ் டப்பாவில் இருப்பதும் அதே அமோனியாதான்.

படி 3: காதும் நகமும்

ஐந்தாறு உறைகளை உள்ளங்கையில் எடுத்துக் குலுக்குங்கள். நல்லவை சில்லறை போல ‘கிணிங்’ என்று ஒலிக்கும். ஒன்றில் கீறல் இருந்தாலும் ஓட்டைச் சலங்கை மாதிரி ஒரு கரகரப்பு கலக்கும். இரண்டாகப் பிரித்துக் குலுக்கி, மறுபடி பிரித்தால் ஆள் அகப்பட்டுவிடும். வாய்க்கீறல் ரீலோடிங்கின் வழக்கமான தேய்மானம். ஒவ்வொரு சுற்றிலும் சுருக்கி, விரித்து, மறுபடி இறுக்குவதால் பித்தளை கடினமாகிப் பிளக்கிறது. துப்பாக்கிக்கு ஆபத்தில்லை. உறை மட்டும் குப்பைக்கு.

அடுத்து உறையை விரலிடுக்கில் உருட்டியபடி, அடிப்பள்ளத்துக்குச் சற்று மேலே நகத்தை ஓட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் தொப்பை போல உப்பியிருந்தால், அந்த இடம் சேம்பர் தாங்காமல் ஏற்கெனவே இழுபட்டிருக்கிறது. பழைய பாயின்ட் 40 கிளாக் பிஸ்டல்களில் சுட்டவற்றில் இது பிரசித்தம். உறையைச் சுருக்கும் சைசிங் டையின் வாய் வளைவும், உறையின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரின் உயரமும் தடுப்பதால் அடியில் சில மில்லிமீட்டர் நசுங்காமலே தப்பிக்கும். உறையை முழுசாக உள்ளே தள்ளி நேராக்கும் டைகள் உண்டு, ஆனால் 9 மி.மீ. உறை அடியிலிருந்து வாய்க்குச் சரிந்து குறுகுவது, அதற்கு அவை சரிப்படா. நேராக்கினாலும் போன வலு திரும்பாது. என் வழக்கம் எறிந்துவிடுவதுதான்.

போட்டிக்காரர்கள் ‘9 மேஜர்’ என்று வரம்பை மீறி ஏற்றிச் சுடும் தளத்தில் பொறுக்கிய உறையை நம்பாதீர்கள். அழுத்தம் எவ்வளவு பார்த்தது என்று உறையில் எழுதியிருக்காது.

படி 4: பிரைமர் பள்ளம்

‘வட்டத்துக்குள் சிலுவை’ முத்திரை கொண்ட ராணுவ உறைகளில் பிரைமரைச் சுற்றிப் பித்தளையை நசுக்கிப் பூட்டியிருப்பார்கள். அந்தப் பூட்டை ஸ்வேஜ் கருவியால் விரித்து நீக்குங்கள். ரீமரால் அதிகம் சுரண்டினால் பள்ளம் தளர்ந்துவிடும். புது பிரைமர் ஏறும்போது கையில் ஒரு எதிர்ப்பு தெரிய வேண்டும். வெண்ணெயில் விரல் போல வழுக்கி இறங்கினால் அந்த உறை அதிக அழுத்தம் கண்டது, பள்ளம் விரிந்துவிட்டது.

படி 5: குண்டைப் பிடிக்கிறதா?

வாயை விரிக்கும்போது குண்டு சாயாமல் உட்காரும் அளவு போதும். அதிகம் விரித்தால் கீறல் சீக்கிரம் வரும். கடைசியில் அந்த விரிவை மட்டும் நேராக்குங்கள், வாயின் வெளிவிட்டம் 0.378 முதல் 0.380 அங்குலம். 9 மி.மீ. தோட்டா சேம்பரில் வாயின் விளிம்பில்தான் நிற்கிறது, அழுத்தி மடிக்கக் கூடாது.

மெல்லிய சுவருள்ள உறைகள் குண்டைச் சரியாகக் கவ்வா. பிரைமர் போடாத, மருந்து இடாத மாதிரித் தோட்டா ஒன்றைச் செய்து மொத்த நீளத்தை காலிப்பரில் குறியுங்கள். குண்டின் மூக்கை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் பலமாகத் தள்ளி, மறுபடி அளந்து பாருங்கள். 0.003 அங்குலத்துக்கு மேல் குறைந்தால் அந்த வகை உறையை ஒதுக்குங்கள். 9 மி.மீ.-ல் குண்டு கொஞ்சம் உள்ளே போனாலே அழுத்தம் எகிறும்.

கடைசியாக, துப்பாக்கியிலிருந்து கழற்றிய பேரலில் தோட்டாவைப் போடுங்கள். ‘டொக்’ என்று விழுந்து, விரலால் சுற்றினால் சுழன்று, கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும்.

ரைஃபிள்காரர்கள் சொல்லும் இரண்டு வேலைகள் இங்கே தேவையில்லை. 9 மி.மீ. உறை சுடச்சுட நீளாது, சற்றுக் குறையும். ட்ரிம் செய்வது (வாயை வெட்டி நீளத்தைச் சரிசெய்வது) வீண். நெருப்பில் காட்டி இளக்குவதும் வேண்டாம். உறை குட்டை, சூடு அடிவரை பரவி, கடினமாக இருக்க வேண்டிய இடத்தையே மிருதுவாக்கிவிடும்.

கழித்த உறைகளை அப்படியே குப்பை டப்பாவில் போடாதீர்கள். கட்டிங் பிளேயரால் வாயை நசுக்கித் தனி டப்பாவில் சேருங்கள், பழைய பித்தளைக்கு எடுத்துக்கொள்வார்கள். நசுக்காமல் விட்டால் அடுத்த சனிக்கிழமை நீங்களே அதைப் பொறுக்கிக்கொண்டு வருவீர்கள்.