தானியமில்லாத தின்பண்டம்: நான் செய்த தவறுகள் உங்கள் வீட்டில் வேண்டாம்

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு தங்கை, பையனுக்குச் சுட்ட முறுக்கை டப்பாவோடு கொண்டுவந்து காட்டினாள். பையனுக்குச் சீலியாக் நோய் என்று போன மாதம்தான் உறுதியாகியிருக்கிறது. "கோதுமை, அரிசி எதுவுமே போடலக்கா. கடலை மாவும் உளுந்து மாவும்தான். நானே மில்லுக்குப் போய் அரைச்சிட்டு வந்தேன்" என்றாள்.

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையை என் மகளின் மருத்துவரிடம் நானும் சொல்லியிருக்கிறேன். அந்தத் தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் மகளுக்குச் சீலியாக். கோதுமை, பார்லி, ரை இவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் துளி உள்ளே போனாலும் சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் பாதிக்கப்படும். மாமாவுக்கு வேறு பிரச்சினை: எதைத் தின்றாலும் உப்புசம். அரிசியில் குளூட்டன் இல்லை, அதனால் சாப்பாட்டுக்குச் சோறு உண்டு. ஆனால் சாயங்காலத் தின்பண்டத்தை மட்டும் தானியமே இல்லாமல் வைத்துக்கொண்டால் இரண்டு பேரும் ஒரே டப்பாவில் கை விடலாம் என்று முடிவு செய்தேன். பிஸ்கட்டும் பரோட்டாவும் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

மில்லில் அரைத்த "வீட்டு மாவு"

கடைக் கடலை மாவை நம்பாமல் கடலைப்பருப்பு வாங்கி, சுளகில் புடைத்து, கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து, தூக்குவாளியில் போட்டு மில்லுக்கு எடுத்துப் போவேன். ஓமப்பொடி, காராசேவு, பக்கோடா எல்லாம் அந்த மாவில்தான். அரிசி மாவுகூடச் சேர்ப்பதில்லை. ஏழு மாதம் இப்படி ஓடியது. மகளுக்கு வயிற்று வலி நிற்கவில்லை, எடை ஏறவில்லை. ரத்தப் பரிசோதனையில் சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருளின் அளவு இறங்கவே இல்லை.

"வெளியில ஏதோ சாப்பிடுறா, கவனிங்க" என்றார் மருத்துவர். நான் அத்தையைச் சந்தேகப்பட்டேன். பேத்தி கேட்டால் மனசு பொறுக்காமல் பிஸ்கட் கொடுத்துவிடுகிறார் என்று நினைத்து வாய்விட்டுக் கேட்டும்விட்டேன். அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவர் ஒரு துண்டு பிஸ்கட்கூடக் கொடுத்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

உண்மை தெரிந்தது ஒரு சாயங்காலம் மில்லில் வரிசையில் நின்றபோது. எனக்கு முன்னால் ஒருவர் ஐந்து கிலோ கோதுமை போட்டார். மாவு விழுந்து முடிந்ததும் மில்காரர் துணிக்குழாயை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அதே மெஷினில் என் கடலைப்பருப்பைக் கொட்டினார். வாளியில் முதலில் விழுந்தது கோதுமை மாவின் நிறம். அதன் பிறகுதான் மஞ்சள் வந்தது. மிளகாய்க்குத் தனி மெஷின், சீயக்காய்க்குத் தனி மெஷின் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் காரமும் கசப்பும் நாக்குக்குத் தெரியும். அரிசி, கோதுமை, கடலை மூன்றும் ஒரே கல்லில்தான் ஓடும். மில்காரர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கேட்க வேண்டியவள் நான்தான், கேட்கவில்லை.

எவ்வளவு கலந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்ல வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியும் அதுதான். ஒரு டீஸ்பூன் கோதுமை மாவில் மட்டுமே 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். மெஷினுக்குள்ளும் துணிக்குழாயிலும் ஒட்டிக்கொண்டிருப்பது ஒரு டீஸ்பூனா?

"அரிசிக்கு அப்புறம் போடுங்க, முதல் ரெண்டு கை மாவைத் தள்ளிருங்க" என்று சொன்னால் போதும் என்பார்கள். போதாது. அரிசிக்கு முன்னால் என்ன ஓடியது என்று யாருக்குத் தெரியும்? காற்றில் பறந்து வாளியில் படியும் மாவு வேறு. மாமாவைப் போல வெறும் உப்புசம் உள்ளவருக்கு அது பரவாயில்லை. சீலியாக் குழந்தைக்கு மில்லே வேண்டாம்.

நான் இப்போது மாவு தேவைப்பட்டால் பொட்டுக்கடலையை வீட்டு மிக்சியில் அரைத்துச் சலிக்கிறேன், நன்றாக நைசாகும். வெல்லமும் நெய்யும் சேர்த்து உருண்டை பிடிக்கலாம். பாசிப்பருப்பை வறுத்து அரைத்தாலும் அப்படியே. சல்லடையும் புதிதாக வாங்கினேன், பழைய சல்லடையின் கண்ணில் கோதுமை மாவு இருந்தது. மில்லை நிறுத்தினேன், அடுத்த பரிசோதனையில் அந்த எண் இறங்கத் தொடங்கியது.

சிறுதானியமும் தானியம்தான்

கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, வரகு எல்லாமே. சோளமாவும் அதில் சேர்த்தி. இவற்றில் செய்த பண்டத்தைத் தானியமில்லாதது என்று சொல்ல முடியாது.

பெருங்காயம்

கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துச் செடியின் வேரைக் கீறி எடுக்கும் பால். நெடி தாங்காது என்பதால் மைதாவோ அரிசி மாவோ, கூடவே கருவேலம் பிசினோ கலந்துதான் கட்டியாகவும் தூளாகவும் விற்கிறார்கள். டப்பாவின் பின்பக்கம் அது எழுதியிருக்கும். கருணைக்கிழங்கு வறுவலில் தூவும் அந்தச் சிட்டிகைக்குள்ளே மைதா இருக்கலாம். அரிசி மாவு கலந்தது என்று தெளிவாகப் போட்டிருப்பதைத் தேடி வாங்குங்கள், கிடைக்காவிட்டால் பெருங்காயம் இல்லாமலே செய்யுங்கள். சீரகமும் ஓமமும் இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் பருப்பு

தானியத்தை நிறுத்தியதும் எல்லோரும் பருப்பில் விழுகிறார்கள். காலையில் கொண்டைக்கடலை, சாயங்காலம் காராமணி, ராத்திரி கடலை மாவு அடை. ஒரு வாரத்தில் மாமாவுக்கு நிமிர்ந்து உட்கார முடியவில்லை. பயறு வகைகளில் இருக்கும் ஒரு வகைச் சர்க்கரையை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகிறது. பயறை ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்தால் கொஞ்சம் குறையும். அப்படியும் ஒரு சின்னக் கிண்ணத்தோடு நிறுத்த வேண்டும். மாமாவுக்கு நிம்மதியாக ஒத்துக்கொண்டது அவித்த நிலக்கடலை. அதில் இந்தச் சர்க்கரை குறைவு.

உதிரியாக வாங்கும் பருப்பில் கோதுமை மணி கிடக்கும். கடையில் ஒரே அளவுப் படியை எல்லா மூட்டைக்குள்ளும் விடுகிறார்கள். பொறுக்கிவிட்டுக் கழுவுங்கள்.

முந்திரி, பேரீச்சை, அத்தி உருண்டை

சத்தான உருண்டை என்று பெயர். குளூட்டன் இல்லை, தானியம் இல்லை, சீலியாக் உள்ளவருக்குக் கெடுதலும் இல்லை. ஆனால் உப்புசமும் பேதியும் மாறிமாறி வரும் குடலுக்கு இந்த மூன்றும் சேர்ந்தால் ராத்திரித் தூக்கம் போச்சு. முந்திரி, பிஸ்தா, பேரீச்சை, உலர்ந்த அத்தி எல்லாவற்றிலும் குடலில் புளிக்கும் சர்க்கரைகள் நிறைய. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒவ்வோர் உணவாக அளந்து பார்த்திருக்கிறார்கள். வாழைப்பழம்கூட நன்றாகக் கனியக் கனியப் புளிக்கும் சர்க்கரை கூடும் என்பது அதில் தெரிந்தது. வயிறு சரியில்லை என்றால் கறுத்துக் குழைந்த பழம் நல்லது என்று நானே கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது கொஞ்சம் கெட்டியாக இருக்கும்போதே கொடுக்கிறேன்.

சர்க்கரை இல்லாத இனிப்பு என்று விற்பதில் சார்பிடால், மால்டிடால் என்ற இனிப்பூட்டிகள் இருந்தால் அதையும் வாங்காமல் விட்டுவிடுங்கள். வயிற்றுப்போக்கு வரும்.

கடை நேந்திரம் சிப்ஸ்

காய் சரி, எண்ணெய் சரியில்லை. அதே எண்ணெயில் சமோசா பொரித்திருப்பார்கள்.

பரிசோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்துவது

சந்தேகம் வந்ததும் முதலில் பரிசோதனை. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பதும், குடலில் துணுக்கு எடுத்துப் பார்ப்பதும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். முன்பே நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். பிறகு பரிசோதனைக்காகவே வாரக்கணக்கில் கோதுமை கொடுக்கச் சொல்வார்கள். நின்ற வலியை நாமே திரும்ப ஊட்டுவது பிள்ளைக்குப் பெரிய கொடுமை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுவது

புதுப் பண்டம் ஒன்று, மூன்று நாள், அப்புறம் அடுத்தது. இல்லையென்றால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அந்தத் தங்கை எழுந்து போகும்போது "அப்ப நாளைக்கு என்னதான் கொடுக்கக்கா?" என்று கேட்டாள். கிழங்கு கொடு என்றேன். மில் வேண்டாம், மாவு வேண்டாம். சர்க்கரைவள்ளியை அவித்து அரைத் துண்டு கொடுக்கலாம். மரவள்ளியைத் தோலுரித்து, மூடாமல் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசந்தால் தூக்கிப் போட வேண்டும், அதில் சயனைடு சேர்மம் இருக்கும். தை மாதம் பனங்கிழங்கு வரும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, பிளந்து நடுக் குருத்தை எடுத்து, நாரை உரித்து, சின்னதாக ஒடித்துத் தேங்காய்ப் பூவோடு கொடுத்தால் பிள்ளைகள் விரும்பித் தின்பார்கள். நார் மிகுதி என்பதால் முதல் நாள் ஒரு விரல் நீளம் போதும்.